வண்டி மிச்சம்

ஓவிலா கெனலுக்கு விதிக்கப்பட்ட தண்டனை இரண்டு நிமிடம். அதை அவன் பன்னிரண்டு வருஷம் உட்கார்ந்து கழித்தான். கோல்டர் ஃபால்ஸ் ஐஸ் ஹாக்கி அரங்கத்தில், கடிகாரக்காரரின் மேஜையை ஒட்டி, தப்பாட்டம் ஆடியவனை உட்கார வைக்கும் தண்டனைப் பெட்டியில், காலில் ஸ்கேட்டும் கையில் மட்டையுமாக, இப்போதுதான் ஓடி வந்து உட்கார்ந்தவன் போல மூச்சு வாங்கிக்கொண்டு இருந்தான். வெளியூர்ப் பத்திரிகைக்காரர்கள் இதைப் பிடிவாதம் என்றார்கள். ஒருவன் விளம்பரம் என்றே எழுதினான். பத்திரிகைக்காரன் பேச்சைக் கேட்டு நடந்தவன் எவனும் உருப்பட்டதில்லை. உள்ளூரில் எல்லோருக்கும் விஷயம் தெரியும். அவனுக்கு இன்னும் நாற்பது விநாடி மிச்சம் இருந்தது, அவ்வளவுதான்.

இது விளங்க வேண்டுமானால் பழைய வடக்கு லீக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆறு ஊர், ஆறு அணி. ஆறும் ஒரே ரயில் பாதையில் இருந்தன. எங்களுடையது காகித ஆலை ஊர், அதனால் எங்கள் அணியை ஆலைக்காரர்கள் என்பார்கள். அடுத்த ஸ்டேஷன் கார்னெட். அது சுரங்க ஊர், அவர்கள் சுரங்கக்காரர்கள். ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் உண்டு, ஆனால் அது குளிர்காலத்தைத் தாண்டத்தான் காணும்; பனி உருகியதும் ஆலைக்கோ சுரங்கத்துக்கோ போய்த்தான் ஆக வேண்டும். கார்னெட்காரன் எங்கள் ஊரில் பெண் எடுத்தால் கல்யாணத்துக்குப் பாதி ஊர் போகாது. போன பாதியும் சாப்பிட்டுவிட்டுக் குறை சொல்லும்.

தெற்கே போகிற ரயில் நாளுக்கு ஒன்றுதான், மாலை ஐந்தரைக்கு. ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் மூன்று மணிக்குத் தொடங்கினாலும் சண்டையாலோ, உடைந்த பல்லை ஐஸில் தேடியதாலோ சில நாள் இழுத்துக்கொண்டே போகும். ரயில் ஊதிவிட்டால் வந்த அணி கிளம்பியாக வேண்டும். ஆட்டத்தில் மீதியிருந்த நேரத்தை அப்படியே விட்டுவிட்டுப் போவார்கள். அதற்கு வண்டி மிச்சம் என்று பெயர். அடுத்த தடவை அதே அணி வரும்போது, புது ஆட்டத்துக்கு முன்னால், மிச்சத்தை ஆடி முடிப்பார்கள். விட்டபோது ஐஸில் நின்றவர்கள் அதே இடத்தில் நிற்க வேண்டும். தண்டனைப் பெட்டியில் இருந்தவன் பெட்டியில் போய் உட்கார வேண்டும். நடுவில் கால் ஒடித்துக்கொண்டவனை நாற்காலியோடு தூக்கி வந்து அவன் இடத்தில் வைத்ததும் உண்டு. ஐம்பத்தொன்றில் எங்கள் ஆல்பெரிக், ஆலை உருளையில் சிக்கிச் செத்துப்போனான். அவன் நின்ற இடத்தை வெறுமையாக விட்டே மிச்சத்தை ஆடினார்கள். கார்னெட்காரர்கள்கூட அந்த இடத்துக்குள் மட்டையை நீட்டவில்லை. இதெல்லாம் எந்தச் சட்டத்திலும் எழுதி வைத்ததல்ல. எழுதாததால்தான் ஒருவனும் மீறவில்லை.

இந்த வண்டி மிச்சத்தை ஒரு வித்தையாகவே ஆக்கியவர் எங்கள் அணியின் மேலாளர் கிளியோஃபாஸ் மார்ட்டெல். ஸ்டேஷனுக்கு எதிரே ஹோட்டல் வைத்திருந்தவர். ரயில் சத்தத்தை வைத்தே எத்தனை பெட்டி என்று சொல்வார். தோற்கப்போகிறோம் என்று தெரிந்துவிட்டால் எங்கள் ஆட்களில் ஒருவனுக்கு ஸ்கேட் கயிறு அறுந்துவிடும், இன்னொருவனுக்கு வயிறு பிசையும், வலையில் யாரும் பார்க்காத ஓட்டை ஒன்று கிளம்பும். அப்படியே ஐந்தரை வரை இழுத்துவிடுவார். "ஆடி முடிக்காத ஆட்டத்துல எவன்டா தோத்தான்?" என்பார். ஊரும் சிரித்துக்கொண்டு இருந்தது. கெட்டிக்காரத்தனம் என்றுதான் நாங்கள் அதற்குப் பெயர் வைத்திருந்தோம்.

அறுபத்தெட்டில் லீக் பெருத்தது. இலையுதிர் காலத்தில் லீக் தலைவர் எங்கள் ஊருக்கு வந்தார். அக்டோபர்ச் சேற்றில் மெல்லிய தோல் காலணி போட்டுக்கொண்டு வந்தவர். அப்படி வருகிறவனிடம் குதிரைகூட வாங்கக் கூடாது. மார்ட்டெல் ஹோட்டலில் மான்கறியைச் சாப்பிட்டுவிட்டு, தெற்கே ஆறு பெரிய நகரங்கள் புதிதாகச் சேருகின்றன என்றார். இனிமேல் பன்னிரண்டு அணி, இனிமேல் விமானம், இனிமேல் டெலிவிஷன் என்றார். அந்த நகரங்களில் இரண்டில் பனியே பெய்யாது. பழைய அணி ஒவ்வொன்றும் ஒன்பது பேரைத் தனக்கென்று வைத்துக்கொள்ளலாம், மற்றவர்களைப் புது நகரங்கள் பொறுக்கி எடுத்துக்கொள்ளும் என்பது ஏற்பாடு. வானொலியில் பெயர்களை வாசித்த அன்று, சந்தையில் மீனைக் கூறு கட்டியது மாதிரி எங்கள் பையன்களைக் கூறு கட்டினார்கள். அவர்களில் சிலர் அந்த நகரங்களின் பெயரையே அன்றுதான் கேள்விப்பட்டார்கள்.

ஓவிலாவை ஒருவரும் எடுக்கவில்லை. குட்டையான ஆள், ஓட்டம் மட்டும் அணில் மாதிரி. வயது இருபத்தாறு. அவன் மனைவி அல்மா ஆலையின் கேன்டீனில் வேலை பார்த்தாள். நான்கு மாதக் கர்ப்பம். தன் புருஷனை யாரும் கொண்டுபோகக் கூடாது, அவன் இந்த ஊரிலேயே இருக்க வேண்டும் என்று மாதா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றினாள். கடவுள் காது கொடுத்துக் கேட்டார். கொஞ்சம் அதிகமாகவே கேட்டுவிட்டார் என்று பின்னால் அவளே சொன்னாள்.

அந்தப் பருவம் மாதிரி ஒரு பருவத்தை நாங்கள் பார்த்ததில்லை. தெற்கே ஒரு நகரத்தில் ஐஸ் வியர்த்து, இடுப்பளவு மூடுபனி எழும்பி, எங்கள் ஆட்கள் காலில்லாதவர்களைப் போல மிதந்து ஆடினார்கள். இன்னொரு நகரத்தில் சனங்கள் கோல் விழுந்தபோது பேசாமல் இருந்து, நடுவர் தடுக்கி விழுந்தபோது எழுந்து நின்று கைதட்டினார்கள். போனவர்கள் ஆரஞ்சுப் பழ மூட்டையோடும் கறுத்த மூக்கோடும் திரும்பி வந்தார்கள். ஒரு வாரத்தில் பாதியை ஆகாயத்தில் கழித்ததால் சிலருடைய காதுகள் அடைத்தே போய்விட்டன. பனி விழும் சத்தம் கேட்கவில்லை என்று புகார் சொன்னார்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை கார்னெட்காரர்கள் ரயிலில் வந்து இறங்கும்போது, உலகம் பழையபடி இருக்கிறது என்று தோன்றும். தோளில் மட்டை, வாயில் சிகரெட், எங்களைப் பார்த்து ஒரு கெட்ட வார்த்தை. மனசுக்கு அத்தனை நிம்மதி.

கார்னெட்டின் கோல்கீப்பர் வெய்க்கோ சாரி. பின்லாந்திலிருந்து வந்த சுரங்கக் குடும்பம். கதவு மாதிரி ஆள், பேச்சு குறைவு. பந்துக்குப் பதிலாக இருக்கிற ரப்பர் வட்டை நடுவர் ஐஸில் போடுவதற்கு முன் ஒவ்வொரு தடவையும் மட்டையால் வலையின் இரண்டு கம்பத்தையும் தட்டுவார், டக், டக். அது கேட்டால்தான் ஆட்டம் தொடங்கியதாக அர்த்தம். ஓவிலா நான்கு வருஷமாக அவருடைய இடது காலுக்குக் கீழேதான் குறிவைத்து அடித்தான். நான்கு வருஷமாக அவர் அதைக் காலால் மறித்தார். வேறு பக்கம் அடிக்க ஓவிலாவுக்குத் தெரியாது என்பதில்லை. அந்தப் பக்கம் ஒரே ஒரு தடவை உள்ளே தள்ளிவிட வேண்டும் என்று வைராக்கியம்.

டிசம்பரில் ஒரு ஞாயிறு. கார்னெட் மூன்று, நாங்கள் இரண்டு. ஆட்டம் முடிய மூன்று நிமிடத்துக்கும் குறைவு. மெட்ரோ பவ்லுக் என்ற சுரங்கக்காரன் வட்டோடு போகும்போது ஓவிலாவின் மட்டை அவன் காலடியில் போயிற்று, அவன் விழுந்தான். நடுவர் அங்கஸ் டன்பார் ஊதினார்.

"ரெண்டு நிமிஷம். போய் உக்காரு."

"நான் தொடவே இல்ல, பெரியவரே. அவன் காலே அவனுக்குத் தடுக்குது."

மெட்ரோ மல்லாந்து கிடந்தபடியே, "ஆமாய்யா, பொறந்தப்பவே தடுக்கித்தான் விழுந்தேன். மொதல்ல உன் மட்டைய என் முட்டிக்கடியில இருந்து உருவு" என்றான்.

டன்பாருக்குக் கோபம் வந்துவிட்டது. "இந்தா பாரு ஓவிலா. முழுசா உக்காந்து முடிச்சுட்டுத்தான் எந்திரிக்கணும். ஒரு விநாடி முன்னாடி கால் வெளிய வந்துச்சு, அப்புறம் இருக்கு."

"வர மாட்டேன்யா. நேரம் முடியாம நீயே வந்து கையப் புடிச்சு இழுத்தாலும் வர மாட்டேன்."

சொல்லிவிட்டுப் பெட்டிக்குள் போய்க் கதவை அடித்துச் சாத்தினான். எங்கள் பக்கம் ஓர் ஆள் குறைய ஆட்டம் நடந்தது. ஆட்டம் முடிய ஒரு நிமிடமும், அவன் தண்டனையில் நாற்பது விநாடியும் இருந்தபோது மார்ட்டெல் கையைத் தூக்கினார். எங்கள் கோல்கீப்பரின் ஸ்கேட் கயிறு அறுந்துவிட்டதாம். மணி ஐந்தேகால். எங்கள் ஸ்டேஷன் மாஸ்டர் நல்லவர். கடைசி நிமிடம் என்றால் ரயிலைக் கொஞ்சம் நிறுத்தி வைப்பார். ஆனால் அந்த வருஷம் கார்னெட்காரர்கள் மறுநாளே தெற்கே ஆட வேண்டியிருந்தது, ஜங்ஷன் ஊரில் விமானம் காத்திருந்தது, ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது என்று மேலிடத்து உத்தரவு. கார்னெட் மேலாளர் வந்து, "ஒரு நிமிஷம்தான் மார்ட்டெல், சட்டுனு ஆடி முடிச்சுரலாம்" என்று கேட்டுக்கொண்டார்.

"ஆள் கொறைய வச்சு நான் எதுக்கு ஆடணும்?" என்றார் மார்ட்டெல். "பிப்ரவரில வாங்க. காபி குடுத்து ஆடுவோம்."

ரயில் ஊதியது. கார்னெட்காரர்கள் ஸ்கேட்டைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார்கள். வெய்க்கோ சாரி கடைசியாக வந்தார். பெட்டியைத் தாண்டும்போது நின்று, "பிப்ரவரில பாக்கலாம்டா குட்டையா. எடது பக்கம் தொறந்து வக்கிறேன்" என்றார்.

"நீயா? உன் கல்லறையையே நீ இறுக்கி மூடிக்குவ" என்றான் ஓவிலா. இரண்டு பேரும் சிரித்தார்கள்.

எல்லோரும் போன பிறகு ஓவிலா எழுந்து கதவைத் திறந்து வெளியே கால் வைத்தான். பார்த்தால் பெட்டிக்குள் உட்கார்ந்திருந்தான். மறுபடியும் எழுந்தான், மறுபடியும் உட்கார்ந்திருந்தான். கதவில் குறையில்லை, காவல்காரர் உள்ளே போனார், வெளியே வந்தார், ஒன்றும் ஆகவில்லை. கதவைக் கழற்றினார்கள். பலகையை அறுத்தார்கள். கடைசியில் ஆலையிலிருந்து ஆறு தடியர்கள் வந்து அவனைப் பெஞ்சோடு தூக்கிக்கொண்டு வாசல் வரை போனார்கள். அங்கே போய்த் திரும்பிப் பார்த்தால் பெஞ்சு மட்டும் கையில் இருந்தது, ஓவிலா பழைய இடத்தில் ஒன்றுமில்லாததன்மேல் உட்கார்ந்திருந்தான். பெஞ்சைத் திரும்பக் கொண்டுவந்து அவனுக்கு அடியில் தள்ளினார்கள். டாக்டர் வந்து முழங்காலைச் சுத்தியால் தட்டிப் பார்த்து நரம்பு நன்றாக இருக்கிறது என்றார். பாதிரியார் தண்ணீர் தெளித்தார். தெளித்த தண்ணீர் உறைந்தது. பிப்ரவரி வரைதானே, பொறுத்துக்கொள் என்று சொல்லிவிட்டுப் போனார். எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள்.

ஜனவரியில் கார்னெட் அணியைத் தெற்கே ஒரு நகரம் அப்படியே விலைக்கு வாங்கிவிட்டது. வெளியூர் ஆட்டத்துக்குப் போனவர்கள் போனபடியே அங்கே தங்கிவிட்டார்கள். குளிர்காலக் கோட்டை எடுக்கக்கூட ஒருவனும் வீட்டுக்கு வரவில்லை. அவர்கள் மனைவிமார்தான் பாத்திரம் பண்டங்களோடு ரயிலேறினார்கள். பிப்ரவரி வந்தது, கார்னெட் வரவில்லை. மார்ட்டெல் லீக் அலுவலகத்துக்குப் போன் செய்தார். மூன்றுக்கு இரண்டு என்று எப்போதோ எழுதியாகிவிட்டது, அந்த ஆட்டம் முடிந்த ஆட்டம் என்றார்கள். கம்பியை இழுத்து வந்து போனை ஓவிலாவின் காதிலேயே வைத்து அதைச் சொல்ல வைத்தார். ஓவிலா கேட்டுக்கொண்டான், எழுந்தான், உட்கார்ந்திருந்தான். லீக் சொன்னது பெட்டிக்குப் போதவில்லை.

மார்ச்சில் குழந்தை பிறந்தது, பெண். கொலெட் என்று பெயர். பெட்டியின் பக்கத்திலேயே ஞானஸ்நானம். ஓவிலா குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டான், அவன் சட்டையின் வியர்வை ஈரம் குழந்தைமேல் ஒட்டியது. அந்த ஈரம் பன்னிரண்டு வருஷமும் காயவில்லை. ஜூலை மாதத்திலும் அவன் தலையிலிருந்து ஆவி எழும்பிக்கொண்டிருக்கும். கோடையில் அரங்கத்து ஐஸ் முழுவதும் உருகிக் கீழே மரத்தரை தெரிந்தபோதும், அவன் ஸ்கேட்டுக்கு அடியில் இரண்டு முழம் ஐஸ் உருகாமல் கிடந்தது. அக்கம்பக்கத்துப் பெண்கள் பால் புட்டியையும் மீனையும் அங்கே கொண்டுவந்து வைத்துப் போனார்கள், அவனும் பார்த்துக்கொண்டான். அல்மா தினமும் கேன்டீன் முடிந்து பட்டாணி சூப் கொண்டுவருவாள், கிறிஸ்மஸுக்குப் பன்றிக்கறிப் பணியாரம். சாப்பிட்டது எங்கே போயிற்று என்று சிலர் கேட்கிறார்கள். நாற்பது விநாடிக்குள் ஒருவனுக்கு அந்த அவசரம் வராது. வேறு விளக்கம் கிடையாது.

லீக்கின் கதை வேறு மாதிரிப் போயிற்று. அடுத்த வருஷம் பன்னிரண்டு பதினாறாயிற்று. வடக்கு ஊர்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. எங்கள் அணி எழுபத்தொன்றில் ஆள் இல்லாமல் படுத்தது. அப்போதுதான் மார்ட்டெல் அடுத்த வித்தையைக் கண்டுபிடித்தார். ஆடி முடிக்காத ஆட்டம் இருக்கிற அணியை எப்படிக் கலைக்க முடியும் என்று லீக் கூட்டத்தில் எழுந்து கேட்டார். அவர்களுக்குப் பதில் தெரியவில்லை. ஆகவே வருஷா வருஷம் புது அட்டவணையில் கோல்டர் ஃபால்ஸ் என்று கடைசியில் ஒரு பெயர் வந்துகொண்டிருந்தது, எதிரே தேதி எதுவும் இல்லாமல். ஊருக்கு அதில் பெருமை. ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு அரங்கத்துக்குப் போய், வெறும் ஐஸைச் சுற்றி உட்கார்ந்து, பெட்டிக்குள் ஆவி பறக்கும் ஓவிலாவைப் பார்த்தபடி, பழைய ஆட்டங்களை ஒவ்வொரு கோலாகப் பேசி முடித்துவிட்டு ஐந்தரைக்கு வீட்டுக்குப் போவோம். கார்னெட்காரர்களைத் திட்டுவோம். திட்ட அவர்கள் இல்லாததால் அந்தத் திட்டில் ருசி இல்லை என்பது போகப் போகத் தெரிந்தது. எழுபத்தாறில் லீக்கே நொடித்தது. தெற்கு நகரங்களில் ஐஸை உடைத்து எடுத்துவிட்டு சர்க்கஸ் வைத்தார்கள். அப்புறம் வடக்கு லீக்கில் உயிரோடு இருந்தது ஓவிலாவின் நாற்பது விநாடியும் அதை ஒட்டிய நிமிடமும்தான். மின்சாரம் துண்டித்த பிறகும் அரங்கத்துக் கடிகாரம் நாற்பதைக் காட்டிக்கொண்டிருந்தது.

எண்பதில், இலை பழுக்கிற மாதத்தில், அல்மா மார்ட்டெலின் ஹோட்டல் சமையலறைக்குப் போனாள். மார்ட்டெலுக்கு அப்போது எழுபது தாண்டிவிட்டது.

"கார்னெட்காரங்களத் தேடிப் போறேன். மிச்சத்த ஆடி முடிக்கணும்" என்றாள்.

"எதுக்கும்மா இப்ப? நல்லாத்தான இருக்கான். நோவு இல்ல, நொடி இல்ல, வயசுகூட ஏறல."

"அதான் வந்தேன். நேத்து ஒரு லாரிக்காரன் உள்ள வந்து பாத்துட்டு, உங்க தம்பியான்னு கேட்டான். இன்னும் பத்து வருஷம் போச்சுன்னா மகனான்னு கேப்பான். அப்ப நான் என்ன சொல்ல?"

மார்ட்டெல் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தார். கத்தியைக் கீழே வைத்தார். "அந்த ஒரு நிமிஷம் முடிஞ்சா நாம தோத்துருவோம் அல்மா. டீமும் போயிரும், லீக்கும் போயிரும். ஊருக்குன்னு வேற என்ன இருக்கு சொல்லு."

"லீக்க வேணும்னா நீங்க கட்டிக்கங்க, மார்ட்டெல். நான் கட்டிக்கிட்டது அவனை."

 பதில் கேட்க அவள் நிற்கவில்லை. கேன்டீனில் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, கொலெட்டை அக்காள் வீட்டில் விட்டுவிட்டு, பஸ் ஏறினாள். அன்றைக்கு ஐஸில் நின்ற கார்னெட்காரர்கள் ஐந்து பேர், வலையில் வெய்க்கோ. ஐந்து பேரும் ஐந்து திசையில் இருந்தார்கள். மெட்ரோ பவ்லுக் பனி பெய்யாத ஊரில் பழைய கார் விற்றுக்கொண்டிருந்தான். தலை வழுக்கை, கழுத்து சிவப்பு. அல்மாவைக் கண்டதும் எழுந்து நின்றுவிட்டான்.

"இன்னமுமா உக்காந்திருக்கான்?"

"உன்னாலதான்."

மெட்ரோ கையிலிருந்த கார் சாவியை மேஜைமேல் வைத்தான். "அவன் தொட்டான். அது நெசம்" என்றான். "ஆனா அதுக்கு நான் விழுந்திருக்க வேண்டியதில்ல." வருகிறேன் என்று சொல்லிக் கையடித்துக் கொடுத்தான். மற்ற நான்கு பேரும் ஒப்புக்கொண்டார்கள். ஒருவன்கூட என்ன கிடைக்கும் என்று கேட்கவில்லை. வண்டி மிச்சம் என்ற வார்த்தையைக் கேட்டதும் ஏதோ வீட்டில் அடுப்பை அணைக்காமல் வந்தவர்கள் போல அவர்கள் முகம் மாறியது என்று அல்மா சொன்னாள்.

வெய்க்கோ சாரி இல்லை. முந்தின வசந்தத்தில் மாரடைப்பில் போய்விட்டார். அவர் மனைவி ஹெல்மி காபியும் ஏலக்காய் ரொட்டியும் வைத்தாள்.  ஒருவர் குறைந்தால் பெட்டி ஒத்துக்கொள்ளுமா என்று அல்மாவுக்குப் பயம்.

"அவர் எடத்துல வேற எவனையும் நிறுத்திராத" என்றாள் ஹெல்மி.

"நிறுத்த மாட்டோம். எங்க ஆல்பெரிக் எடத்தையும் சும்மாதான் விட்டோம்."

"மிச்சம் ஒண்ணு இருக்கு, போகணும் போகணும்னு சொல்லிட்டே இருப்பாரு. உன் புருஷனுக்கு என்னமோ வாக்குக் குடுத்தாராமே?"

"எடது பக்கம் தொறந்து வக்கிறேன்னாராம்."

ஹெல்மி சிரித்தாள். "அவரா?" என்றாள். தானும் வருகிறேன் என்றாள்.

பிப்ரவரியில் ஒரு ஞாயிறு குறித்தார்கள். கார்னெட்டில் சுரங்கம் மூடிக் கிடந்தது. இருந்த சனங்கள் இரண்டு பஸ்ஸில் வந்து இறங்கினார்கள், இறங்கும்போதே எங்களைப் பார்த்து வழக்கமான வார்த்தையைச் சொன்னார்கள். எங்கள் பக்கம் சிலருக்குக் கண் கலங்கிவிட்டது. நடுவர் டன்பாரை அவர் மருமகன் கையைப் பிடித்து அழைத்து வந்தான். ஒரு கண் புரையோடியிருந்தது. அன்று நின்றவர்கள் அவரவர் இடத்தில் நின்றார்கள். வயிறு முன்னே வந்தவர்கள் அதையும் சேர்த்து அதே இடத்தில் நிறுத்தினார்கள். கார்னெட் வலை வெறுமையாக இருந்தது. ஆறடி அகலம், கதவில்லாத வீடு மாதிரி திறந்து கிடந்தது. மூன்றுக்கு இரண்டு. ஓவிலா வெளியே வந்த பிறகு இருபது விநாடி இருக்கும். ஒரு கோல் அடித்தால் சமம். மார்ட்டெல் பெஞ்சில் உட்கார்ந்து அந்த வலையையே பார்த்துக்கொண்டிருந்தார். வர மாட்டேன் என்று சொல்லியிருந்தவர்.

டன்பார் வட்டைக் கையில் எடுத்தபோது எங்கள் கோல்கீப்பரின் ஸ்கேட் கயிறு அறுந்தது. இந்தத் தடவை நிஜமாகவே அறுந்தது, பழைய கயிறு. அரங்கம் முழுவதும் திரும்பி மார்ட்டெலைப் பார்த்தது. அவர் எழுந்தார். தடுப்புப் பலகையைப் பிடித்துப் பிடித்து ஐஸில் நடந்து போய், மண்டியிட்டு, தன்னுடைய பூட்ஸ் கயிற்றை உருவி அவனுக்குக் கோத்து இறுக்கினார். "நேரமாச்சுடா, ஆடுங்க" என்றார்.

கார்னெட் வலைப் பக்கமிருந்து சத்தம் கேட்டது. டக், டக். ஹெல்மி மட்டும்தான் தலையைத் திருப்பினாள். டன்பார் வட்டைப் போட்டார்.

கடிகாரம் நாற்பதிலிருந்து முப்பத்தொன்பதுக்கு இறங்கியது. ஒன்பது பேர் இரைக்க இரைக்க ஓடினார்கள். எங்கள் வலையில் இரண்டு தடவை வந்து மோதினார்கள், இரண்டையும் எங்கள் ஆள் தடுத்தான். பூஜ்யம் வந்தது. ஓவிலா கதவைத் திறந்தான். கால் வெளியே வந்தது, வெளியிலேயே இருந்தது. அதே நேரம் மெட்ரோவின் மட்டையிலிருந்து வட்டு நழுவி ஓவிலாவின் முன்னால் வந்து நின்றது. மெட்ரோ வேண்டுமென்றே விட்டான் என்பார்கள். நம்பாதீர்கள், அவன் கண்ணாடி போடாமல் ஆடினான்.

ஓவிலா கிளம்பினான். முன்னால் ஒருவரும் இல்லை. பெட்டியிலிருந்து புறப்பட்டபோது அவனுக்கு வயது இருபத்தாறு, அணில் மாதிரிதான் பாய்ந்தான். நடுக்கோட்டைத் தாண்டும்போது காதோரம் நரைத்தது. அதைத் தாண்டி வலைக்கு முன்னால் இருக்கிற நீலக்கோட்டில் முழங்கால் வலி வந்ததை எல்லோரும் பார்த்தோம். பன்னிரண்டு வருஷத்துப் பட்டாணி சூப்பும் பன்றிக்கறிப் பணியாரமும் அங்கேதான் வந்து இடுப்பில் சேர்ந்தன. வலைக்கு முன்னால் போய்ச் சேர்ந்தபோது முப்பத்தெட்டு வயது ஆள், நாய் மாதிரி மூச்சு வாங்கிக்கொண்டு, மட்டையை ஓங்கினான். ஆறடி வலையும் காலி. வலது பக்கம் தள்ளியிருந்தால் போதும். இடது பக்கம், கீழே அடித்தான்.

கோல்கீப்பரின் தோல் கால்கவசத்தில் வட்டு மோதுகிற சத்தம், நாங்கள் வருஷக்கணக்காகக் கேட்ட அதே சத்தம், அரங்கம் முழுவதும் கேட்டது. வட்டு கோட்டுக்கு ஒரு கை இப்பால் நின்று, கீழே விழுந்தது. ஆட்ட நேரம் முடிந்தது. டன்பார் வலைப் பக்கம் போய், நல்ல கண்ணை வைத்துப் பார்த்து, "கோல்கீப்பர் புடிச்சுட்டாரு. கோல் இல்ல" என்றார்.  பிடித்ததைப் பிடித்தது என்றுதானே சொல்ல முடியும்.

ஓவிலா குனிந்து மூச்சு வாங்கிக்கொண்டே, "தொறந்து வக்கிறேன்னியேடா, திருட்டுப் பயலே" என்று வலையைப் பார்த்துச் சொன்னான். மட்டையை நீட்டி முழங்கால் உயரத்தில் தட்டினான். தட்டியது கேட்டது.

பிறகு இரண்டு அணியும் வரிசையாக நின்று கை குலுக்கினார்கள், வழக்கப்படி. வரிசையின் கடைசியில், கோல்கீப்பர் நிற்கிற இடத்தில், எங்கள் ஆள் ஒவ்வொருவனும் கையை நீட்டிக் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு நகர்ந்தான். ஓவிலா எல்லோரையும்விட அதிக நேரம் நின்றான். எதையோ கேட்டுச் சிரித்தான். ஹெல்மி தடுப்புப் பலகைப் பக்கம் வந்து, வீட்டுக்குப் போகலாம் வா என்கிற மாதிரித் தலையை அசைத்தாள்.

அல்மா கோட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஓவிலா கையை நுழைத்தான். தோள் பக்கம் கோட்டு பிடித்தது.

"சின்னதாப் போச்சு" என்றான்.

"நீ பெருத்துட்ட" என்றாள். அவன் தலையைத் தொட்டுப் பார்த்தாள். முடி காய்ந்திருந்தது.

அவனுடைய ஸ்கேட் இருந்த இடத்தில் கிடந்த இரண்டு முழம் ஐஸ் அந்தக் கோடையில் மற்றதோடு சேர்ந்து உருகியது. பால் புட்டி வைத்திருந்தவர்கள் எடுத்துக்கொண்டு போனார்கள். மார்ட்டெல் அன்று மாலையே ஹோட்டல் வாசலில் இருந்த கரும்பலகையைத் துடைத்து, பழைய வழக்கப்படி ஆட்ட முடிவை எழுதினார். கார்னெட் மூன்று, கோல்டர் ஃபால்ஸ் இரண்டு. அதற்குக் கீழே, கடைசி அடியைப் பிடித்தவர் வெய்க்கோ சாரி. மழை வந்து அழிக்கும் வரை அது அங்கே இருந்தது. கடந்து போன யாரும் அதைத் திருத்தவில்லை.